பயந்த நாய்க்கு எது சரிவரும்: அப்பிடியே விடுறதா, நாங்களே பழக்குறதா, ட்ரெய்னரா, கெனலா, மருந்தா?

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து ஃப்ளாட்டுகள்ல இப்ப ரோட்டில இருந்து எடுத்து வளக்கிற நாய் நிறைய. ரோட்டு நாய்கள பிடிச்சுக் கொல்லுறத 2006ல அரசாங்கம் நிப்பாட்டினதுக்குப் பிறகு, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு எடுத்த இடத்திலயே திருப்பி விடுறதுதான் வழி எண்டு வந்திட்டுது, அதால ரெண்டு மூண்டு வயசு வரைக்கும் லேனிலயே வளந்த நாய ஆராவது இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டு வாறது சாதாரணமா நடக்குது. கொண்டு வந்த பிறகுதான் சோலி தொடங்கும். வோஷிங் மெஷினுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிடும், ஆக்கள் பக்கத்தில நிண்டா சாப்பிடாது, லிஃப்ட் கதவு திறந்தா நிண்ட இடத்திலயே மூத்திரம் போகும், கீழ இறக்கினா ரோட்டோட ஒட்டிப் படுத்து அசையாது. உடன ஆளாளுக்கு ஒரு வழி சொல்லத் தொடங்குவாங்க. விடு தானா சரியாகும் எண்டு ஒராள், ட்ரெய்னரக் கூப்பிடு எண்டு இன்னொராள், கெனல்ல, அதாவது நாய்கள கூட்டில வச்சுப் பழக்குற இடத்தில, ஒரு மாசம் போட்டு எடு, இன்னொரு நாய் வாங்கி விடு, குளுசை குடு, இப்பிடி.

எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்கத்தான் இத எழுதுறன். என்ட முடிவ முதலே சொல்லிடுறன், ஏனெண்டா வாசிக்கிற சிலருக்கு இப்பவே ஒரு முடிவு எடுக்க வேண்டி இருக்கும்: முதல் மிருக வைத்தியர், பிறகு வீட்டில நீங்களே மெதுவாப் பழக்குறது, அதில நிண்டிட்டா வீட்டுக்கு வாற ட்ரெய்னர், பயம் கடுமையா இருந்தா இதுகளோட சேத்து மருந்து. கெனல்ல விட்டுப் பழக்குறது மற்ற நாய்களுக்குச் சரியோ பிழையோ, பயந்த நாய்க்கு வேண்டவே வேண்டாம்.

எத வச்சு இப்பிடித் தரம் பிரிக்கிறன் எண்டா ரெண்டே கேள்விதான். இந்த வழி நாய்ட உள்ளுக்க இருக்கிற பயத்தக் குறைக்குதா, இல்லாட்டி வெளிய தெரியிறத மட்டும் அமத்துதா? பழக்குற நேரத்தில நாய்க்கு ஏலாமப் போனா தள்ளிப் போக இடம் இருக்கா? பயந்த நாய் குழப்படி செய்யிற நாய் இல்ல. "இரு" எண்டா இருக்கத் தெரியாம அது நடுங்கேல்ல. நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய 3 கிழமைல இருந்து 14 கிழமை வரைக்கும் ஒரு காலம் இருக்கு, அந்த நேரத்தில கண்டது கேட்டது தொட்டது எல்லாம் "இது உலகத்தில இருக்கிற சாதாரண சாமான்" எண்டு மனசில பதியும். அந்த வயசில ஆக்கள கிட்டத்தில காணாம, இல்லாட்டி கல்லும் சுடுதண்ணியும்தான் ஆக்களிட்ட இருந்து வரும் எண்டு பழகி வளந்த நாய்க்கு, பிறகு நாங்க எவ்வளவு அன்பாக் கதைச்சாலும் உடம்பு முதல் ஓடத்தான் பாக்கும். அதால எல்லாரிட்டயும் வாலாட்டிக் கொண்டு போற நாயா மாத்துறது எண்ட இலக்க வைக்காதேங்க. ஆக்கள் வந்தா தன்ட மூலைல நிம்மதியாப் படுத்திருக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கீழ போய் வரும், வெடி கொளுத்தினா சமாளிக்கும், இவ்வளவும் வந்தாலே அது நல்ல வாழ்க்கை.

இனி "விடு, தானா சரியாகும்" எண்ட கதை. இது முழுக்கப் பிழை இல்ல. புதுசா வந்த நாய்க்கு முதல் சில கிழமை ஒண்டுமே செய்யாம இருக்கிறதுதான் நல்லம், ஒரு மூலை, ஒரு பாய், தண்ணி, சாப்பாடு, ஒரே நேரத்தில ஒரே மாதிரி நடக்கிற வீடு, அவ்வளவும் போதும். சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுறது, குளிக்க வாக்கிறது, தூக்கி மடில வைக்கிறது எல்லாத்தையும் தள்ளிப் போடலாம். ஆனா காலம் வேலை செய்யுதா எண்டு பாக்க ஒரு வழி இருக்கு: ஒவ்வொரு கிழமையும் ஏதாவது ஒரு சின்ன சாமானாவது மாறுதா? போன கிழமை குசினி வாசல் வரைக்கும் வந்தது இந்தக் கிழமை ஹோலுக்குள்ள எட்டிப் பாக்குதா? அப்பிடி எண்டா விடுங்க, நல்லாத்தான் போகுது. ஒரு மாசம் தாண்டியும் ஒரு அசைவும் இல்ல, இல்லாட்டி பயப்படுற சாமான்கள் கூடிக் கொண்டு வருது எண்டா காத்திருக்கிறதில பிரயோசனம் இல்ல. பயம் சும்மா இருந்தா கரையிறது குறைவு, ஒவ்வொரு தரம் பயந்து ஓடித் தப்பும்போதும் ஓடினதாலதான் தப்பினன் எண்டு நாய் படிக்குது.

இதுக்கு நேர் எதிரா ஒரு வழியும் சொல்லுவாங்க, எனக்கு உண்மையாவே கோவம் வாறது இதுக்குத்தான். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலுக்கு கொண்டு போய் விடு, சனத்தோட சனமாப் பழகிடும்." பட்டம், பந்து, இறால் வடை வண்டில், பிள்ளைகள், ஹோர்ன், எல்லாத்துக்கும் நடுவில பெல்ட்டில கட்டி வச்சா நாய் முதல் இழுக்கும், பிறகு நடுங்கும், பிறகு அமைதியாகிடும். அந்த அமைதியப் பாத்துத்தான் பழகிட்டுது எண்டு சந்தோசப்படுறாங்க. 1967ல அமெரிக்காவில செலிக்மன், மேயர் எண்ட ரெண்டு பேர் தப்ப வழியில்லாம மின்சார அதிர்ச்சி குடுத்த நாய்கள், பிறகு தப்ப வழி திறந்து இருந்தும் முயற்சி செய்யாம அப்பிடியே கிடந்தத எழுதி வச்சிருக்கிறாங்க. கொடுமையான பரிசோதனை, இண்டைக்கு அப்பிடிச் செய்ய ஆரும் விட மாட்டாங்க. ஆனா காலிமுகத்திடல்ல அசையாம நிக்கிற நாய பாக்கேக்க அதுதான் ஞாபகம் வரோணும். வாய் இறுக்கி மூடி இருக்கா, கண்ணில வெள்ளை தெரியுதா, வால் வயித்தோட ஒட்டி இருக்கா, சும்மா சும்மா கொட்டாவி விட்டு உதட்ட நக்குதா, நீட்டின ஈரல மணந்து கூடப் பாக்கேல்லயா, அப்பிடி எண்டா அது பழகேல்ல, கை விட்டிட்டுது.

சரி, டொக்டர். பயத்துக்கு ஏன் டொக்டர் எண்டு கேப்பாங்க. உடம்பு நோகிற நாய் தொட்டா வெருளும், படி இறங்க மறுக்கும், மூலைல கிடக்கும், அதப் பயம் எண்டு நினைச்சு நாங்க ஈரல் குடுத்துப் பழக்கிக் கொண்டிருப்பம். இங்க உண்ணிக் காய்ச்சல் சரியான பொதுவான நோய், உள்ளுக்குள்ள இருந்து கொண்டே நாய சோர வைக்கும், ஒரு ரத்தப் பரிசோதனைல அதிகமாப் பிடிபடும். காதுப் புண், பல்லு, இடுப்பு மூட்டு இதெல்லாம் பாக்கோணும். முக்கியமா, இவ்வளவு காலம் ஒண்டுக்கும் பயப்படாம இருந்த நடு வயசு நாய் திடீரெண்டு இடிக்கும் வெடிக்கும் வெருளத் தொடங்கினா முதல் நோவத்தான் சந்தேகப்படோணும். கிளினிக்குக்குப் போறதே பயம் எண்டா, முதலே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டு த்ரீவீலுக்குள்ளயே இருங்க, உங்கட முறை வரேக்க நேர உள்ள கூட்டிப் போகலாம். இதுக்கு ஓம் எண்டு சொல்லுற டொக்டரத் தேடிப் பிடிக்கிறது பிரயோசனமான வேலை.

இப்ப வீட்டில நாங்களே பழக்குறது. செலவு குறைவு, நேரம் கூட, பலன் நிலைக்கிறது எல்லாத்திலயும் அதிகம். இதுக்கு அடிப்படை பழைய சாமான்தான். 1924ல மேரி கவர் ஜோன்ஸ் எண்ட ஒரு உளவியல்காரி, முயலக் கண்டா பயந்து அழுற பீட்டர் எண்ட ஒரு சின்னப் பொடியனுக்கு, அவன் விரும்பிச் சாப்பிட்டுக் கொண்டிருக்கேக்க முயல அறையின்ட மற்றத் தொங்கல்ல வச்சு, நாள் போகப் போக கிட்டக் கொண்டு வந்து, கடைசில அவன் முயல தொட்டு விளையாடுற அளவுக்குக் கொண்டு வந்தா. நாய்க்கும் அதேதான் செய்யிறம்: பயப்படுற சாமான் தாங்கக் கூடிய தூரத்தில, அதுக்குப் பிறகு உடன நல்ல ருசியான சாப்பாடு, மெல்ல மெல்ல தூரத்தக் குறைக்கிறது.

சொல்ல லேசு, செய்யேக்கதான் எல்லாரும் ரெண்டு இடத்தில சறுக்குறாங்க, தூரத்திலயும் ஒழுங்கிலயும். எங்கட வீட்டு நாய் சூட்டிக்கு த்ரீவீல் ஆகாது. லேன் வாசல்ல நிண்டா காலி வீதில போறதுகள் எல்லாம் தெரியும், ஆனா அங்க நிண்டா அவளுக்கு ஏலாது, பின்னங்கால்ல பாரத்தப் போட்டு காதப் பின்னால மடிச்சுக் கொண்டு வீட்டப் பாத்துத் திரும்பிடுவா. அதால நாங்க ஃப்ளாட் கேட்டுக்கு உள்ளுக்கு, செக்யூரிட்டி கதிரைக்கும் பின்னால நிப்பம். அங்க இருந்து த்ரீவீல் ஒரு நொடி தெரிஞ்சு மறையும். அவ அதப் பாக்கிறா, காது முன்னுக்கு வருது, வாய் மூடுது, அந்த நொடில ஒரு சின்னத் துண்டு ஈரல் அவள்ட காலடில விழும். த்ரீவீல் போயிட்டா ஈரலும் நிண்டிடும். கொஞ்ச நாள் போக, த்ரீவீலக் கண்ட உடன அவளே திரும்பி என்ட கையப் பாக்கத் தொடங்கினா. அந்தத் திரும்பிப் பாக்குற பார்வை வந்தா, அண்டைக்குத்தான் ஒரு நாலு அடி முன்னுக்குப் போகலாம். அது வராம முன்னுக்குப் போறதில அர்த்தமே இல்ல.

ஒழுங்கு எண்டு சொன்னது இதுதான்: பயப்படுற சாமான் முதல், சாப்பாடு பிறகு. மாறி நடந்தா, அதாவது ஈரல் பக்கெட்ட எடுத்த உடன த்ரீவீல் வருது எண்டு ஆனா, நாய் ஈரலுக்கே பயப்படத் தொடங்கும். சாப்பாட்டக் காட்டி ஏமாத்தி பயப்படுற சாமானுக்குக் கிட்ட இழுக்கிறதும் கூடாது, வயிறு ஒரு பக்கம் பயம் ஒரு பக்கமா நாய் கிழியும், பிறகு உங்கட கையில இருக்கிறதையே நம்பாது. நாய் சாப்பாட எடுக்கேல்ல எண்டா அடம் எண்டு நினைக்காதேங்க, தூரம் போதாது, இன்னும் பின்னால போங்க.

சாப்பாடும் சும்மா பிஸ்கட் இல்ல. அவிச்ச கோழி ஈரல், அவிச்ச கோழி, முட்டை, உப்பு ஊறப் போட்டு எடுத்த நெத்தலி, இப்பிடி மணக்கிற சாமான், கச்சான் கொட்டை அளவுத் துண்டு. வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீடு எண்டா சீஸ் வேலை செய்யும். வெங்காயம், உள்ளி போட்ட கறியில இருந்து எடுத்துக் குடுக்காதேங்க, அது நாய்ட ரத்தத்துக்குக் கூடாது, முந்திரிகை வத்தலும் சொக்லேட்டும் அதே மாதிரி நஞ்சு.

இன்னொண்டு, பயம் ஒரு நாளுக்குள்ள சேந்து கொண்டே போகும். காலமை மேல் வீட்டில ட்ரில் போட்டாங்கள், பத்து மணிக்கு சூன் பாண் வண்டி பாட்டோட வந்து நிண்டது, மத்தியானம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் படில டங்கெண்டு வச்சார், ஒவ்வொண்டும் தனித்தனிய நாய்க்குத் தாங்கும், ஆனா பின்னேரம் நீங்க கீழ கொண்டு போகேக்க ஒரு குடை விரிஞ்சதுக்கே பதறி ஓடும். அப்பிடியான நாள்ல பழக்காதேங்க, வெளிய போகாம வீட்டுக்குள்ள மணந்து தேடுற விளையாட்டு போதும். மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் கொழும்பில பின்னேரம் ஆனா இடி மழை, அந்த மாசங்கள்ல காலமையோட பழக்குற வேலைய முடிக்கிறது நல்லம். போயா நாள் விடியக் காலமை காலி வீதில வாகனம் குறைவு, மரீன் ட்ரைவ் பக்கம் முதல் தரம் கூட்டிப் போக அதுதான் நாள், ஆனா பக்கத்திலயே தண்டவாளம், ட்ரெயின் நேரத்த முதலே பாத்து வச்சுக் கொள்ளுங்க.

தைரியம் வாறது வெளிய மட்டும் இல்ல, வீட்டுக்குள்ளயும் நிறைய செய்யலாம். பழைய துவாயச் சுருட்டி அதுக்குள்ள சாப்பாட ஒளிச்சு விடுறது, காலிப் பெட்டிகள் நாலஞ்ச வச்சு ஒண்டுக்குள்ள மட்டும் போட்டுத் தேட விடுறது, நாய் மூக்கால வேலை செய்யேக்க அதுட உடம்பு தளர்றத நீங்களே காணுவீங்க. உள்ளங்கைய நீட்டினா வந்து மூக்கால தொடப் பழக்குறது இன்னொண்டு, தொடுறதும் தொடாததும் நாய்ட விருப்பம், தொட்டா சாப்பாடு. தன்ட விருப்பத்துக்கு ஒரு சாமான் நடக்குது எண்டு தெரியிறது பயந்த நாய்க்கு பெரிய விசயம்.

விருந்தாளி வந்தா என்ன செய்யிறது எண்டு எல்லாரும் கேக்கிறாங்க. வாற அன்ட்டி கதவில நிண்டே குனிஞ்சு கைய நீட்டி "ச்சூ ச்சூ, வாங்கோ செல்லம்" எண்டுவா, அன்புதான், ஆனா நாய்க்கு அது தலைக்கு மேல வாற கை. "அன்ட்டி, நீங்க அவளப் பாக்காம கதிரைல இருங்க, தேத்தண்ணி கொண்டு வாறன்" எண்டு சொல்லிட்டு, அன்ட்டிட கையில கொஞ்சம் ஈரல் குடுங்க. நாய்க்கு நேர நீட்டச் சொல்லாம, நாய்க்குப் பின்னால போற மாதிரி எறியச் சொல்லுங்க. நாய் தள்ளிப் போய் சாப்பிடும், திரும்பி வரும், திருப்பி எறிவா. சாப்பாடும் கிடைக்குது, தூரமும் கிடைக்குது, கிட்ட வாறது அதுட முடிவா இருக்குது. அதோட, பயந்த நாயத் தடவி ஆறுதல் சொன்னா பயம் கூடும் எண்டு ஒரு கதை இருக்கே, அத விடுங்க. பயம் ஒரு உணர்ச்சி, ஆறுதலால அது வளராது. நாய் உங்களிட்ட ஒட்டிக் கொண்டு வந்தா அணைச்சு வச்சுக் கொள்ளுங்க.

வீட்டு வழியின்ட பலவீனம், வீட்டில எல்லாரும் ஒத்து வரோணும். நீங்க ஈரலோட பொறுமையாப் பழக்க, அப்பா வந்து "நாய் எண்டா நாய் மாதிரி இருக்கோணும்" எண்டு சத்தம் போட்டு கட்டிலுக்கு கீழ இருந்து இழுத்தெடுத்தா, செய்ததெல்லாம் போச்சு. அம்மம்மா சாமி அறைப் பக்கம் வராதே எண்டு விளக்குமாத்த ஓங்குறதும் அப்பிடித்தான், அங்க ஒரு சின்ன கேட் போட்டா விளக்குமாறு தேவைப்படாது. இதக் கதைச்சுத் தீக்காம எந்த வழியும் சரிவராது, ட்ரெய்னர் வந்தாலும்.

ட்ரெய்னர் வீட்டுக்கு வாறது எனக்குப் பிடிச்ச வழிதான், நல்ல ஆள் கிடைச்சா. பயம் இருக்கிற இடத்திலயே, உங்கட லிஃப்டிலயும் உங்கட லேனிலயும் வேலை நடக்கும், உங்களையும் சேத்துப் பழக்குவார், நீங்க காணாத சின்னச் சின்ன சைகைகள அவர்ட கண் காணும். ஆனா ஆர எடுக்கிறது எண்டதில கவனம் வேணும். வேலை நாய், காவல் நாய் பழக்கின அனுபவம் பெரிய அனுபவம்தான், ஆனா அந்த வேலைக்குத் தெரிஞ்செடுக்கிறதே பயமில்லாத நாய்கள, அங்க சரிவந்த முறை நடுங்கிக் கொண்டிருக்கிற லேன் நாய்க்குச் சரிவராது. போத்துக்கல்ல நாய்ப் பள்ளிக்கூடங்களில இருந்து 92 நாய்கள எடுத்துப் பாத்த ஒரு ஆய்வு 2020ல வந்தது. தண்டிச்சு, இழுத்துப் பழக்குற இடத்து நாய்களுக்கு சாப்பாடு குடுத்துப் பழக்குற இடத்து நாய்கள விட பதட்டம் கூட, பழக்கின பிறகு எச்சில்ல கோர்ட்டிசோல் எண்ட மன அழுத்த ஹோர்மோனும் கூட. அதுகள் சாதாரண வீட்டு நாய்கள். ஏற்கனவே பயந்து போயிருக்கிற நாய்க்கு கழுத்த நெரிக்கிற சோக் செயின், முள்ளுக் கொலர், மின்சார அதிர்ச்சி குடுக்கிற ஷொக் கொலர் போட்டா என்ன ஆகும் எண்டு சொல்லத் தேவையில்ல. த்ரீவீலக் கண்ட நேரம் கழுத்து நோகுது, அதால த்ரீவீல் இன்னும் மோசம், இதத்தான் நாய் படிக்கும்.

ஆள எடுக்க முதல் ஃபோன்ல ரெண்டு கேள்வி கேளுங்க. நாய் சாப்பாட எடுக்காட்டி என்ன செய்வீங்க? "பட்டினி போட்டா எடுக்கும்" எண்டா வேண்டாம். "அப்ப நாங்க தூரம் போகோணும்" எண்டா நல்ல ஆள். நாய் உறுமினா என்ன செய்வீங்க? "அடக்குவன்" எண்டு சொல்லுறவர வீட்டுக்குள்ள விடாதேங்க. உறுமுறது நாய் தாற எச்சரிக்கை, அத அடிச்சு நிப்பாட்டினா அடுத்த தரம் சொல்லாமலே கடிக்கும். எத்தன நாளில சரியாகும் எண்டு உறுதி தாறவரையும் நான் நம்ப மாட்டன்.

கெனல்ல ஒரு மாசம் விட்டு எடுக்கிறது ஏன் இவ்வளவு பேருக்குப் பிடிக்குது எண்டு விளங்குது. வேலைக்குப் போற ஆக்கள், நேரம் இல்ல, காசு குடுத்தா ஆராவது செய்து தருவாங்க எண்டு ஒரு நிம்மதி. ஆனா பயம் இடத்தோட ஒட்டினது. அங்க கெனல்ல, அந்தப் பழக்குறவரோட, அந்த மதிலுக்குள்ள தைரியமா நடந்தாலும், வெள்ளவத்தைல உங்கட லிஃப்ட் கதவு திறக்கேக்க அதே பழைய பயம்தான் நிக்கும். அதோட பக்கத்துக் கூட்டில நாள் முழுக்க குரைக்கிற நாய்கள், தெரியாத கைகள், நம்பத் தொடங்கியிருந்த ஒரே ஆளையும் காணேல்ல. வட்ஸ்அப்பில வீடியோ வரும், "இரு" எண்டா இருக்கும், "படு" எண்டா படுக்கும். அந்த வீடியோவில சொல்லுறதக் கேக்குதா எண்டு பாக்காம காதையும் வாலையும் வாயையும் பாருங்க. எதுவும் செய்யப் பயந்து இருக்கிற நாயும் "இரு" எண்டா இருக்கும். ஊருக்குப் போக வேண்டி வந்தா கூட கெனலுக்குப் பதிலா, நாய்க்குத் தெரிஞ்ச ஒராள உங்கட வீட்டில வந்து தங்கச் சொல்லுங்க.

இன்னொரு நாய் எடுக்கிறது கொஞ்சம் சிக்கலான கேள்வி. ஆக்களுக்குப் பயந்தாலும் மற்ற நாய்களக் கண்டா சந்தோசப்படுற ரோட்டு நாய்கள் நிறைய, அதுகளுக்கு ஒரு அமைதியான பெரிய நாய் பக்கத்தில இருந்தா நல்ல தைரியம் வரும், அந்த நாய் ஆக்களிட்டப் போய் சாப்பாடு வாங்குறத பாத்து இதுவும் ஒரு அடி எடுத்து வைக்கும். ஆனா பயமும் அதே மாதிரித் தொத்தும். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில ரெண்டு பயந்த நாய் எண்டு முடிஞ்சா கஷ்டம் ரெண்டு மடங்கு. முதல் ஒரு சிநேகிதர்ட அமைதியான நாயோட சேத்து நடக்கக் கூட்டிப் போய்ப் பாருங்க, உங்கட நாய்ட நடை மாறுதா எண்டு தெரியும். இந்த ஒண்டுக்காக மட்டும் இன்னொரு உயிர வீட்டுக்குக் கொண்டு வாறது எனக்குச் சரியாப் படேல்ல.

மருந்துக்கு எங்கட ஆக்கள் சரியான பயம். "நாய்க்கு மனநோய் மருந்தா" எண்டு சிரிப்பாங்க. எல்லாம் செய்து பாத்து கடைசில தான் மருந்து எண்டு நினைக்கிறதும் இருக்கு, அதோட எனக்கு உடன்பாடில்ல. சாப்பாட்டையே எடுக்க ஏலாத அளவுக்கு எப்பவும் பயத்தில இருக்கிற நாய்க்கு எதப் பழக்குவீங்க? கால் எட்டாத தண்ணிக்குள்ள தத்தளிக்கிற ஒராளுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கிற மாதிரி, முதல் கால் நிலத்தில படோணும். மருந்து அந்த நிலத்தத் தருது, பழக்குற வேலை அதுக்குப் பிறகும் உங்கடதான்.

மருந்து ரெண்டு வகை. ஃப்ளுஒக்ஸ்டீன் மாதிரி ஒவ்வொரு நாளும் குடுக்கிறது, அது முழுசா வேலை செய்ய நாலு, ஆறு கிழமை எடுக்கும், ரெண்டு நாளில மாற்றம் இல்ல எண்டு நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்டேக்கயும் டொக்டர் சொல்லுற மாதிரி படிப்படியாத்தான். மற்றது வெடி, இடி, பயணம் மாதிரி நேரத்துக்கு மட்டும் முதலே குடுக்கிறது, கபபென்டின் மாதிரி. டொக்டரிட்ட கட்டாயம் கேக்க வேண்டிய ஒண்டு: ஏசிபி எண்டு சொல்லுற ஏசிப்ரோமசினத் தனிய வெடிக்குக் குடுக்கச் சொன்னா வேற ஏதாவது இருக்கா எண்டு கேளுங்க. அது உடம்பத்தான் அசைய விடாமச் செய்யும், பயத்தக் குறைக்காது, நாய் எல்லாத்தையும் கேட்டுக் கொண்டு அசைய ஏலாமக் கிடக்கும். உங்கட வீட்டு மருந்துப் பெட்டில இருந்து ஒண்டும் எடுத்துக் குடுக்காதேங்க, பரசிட்டமோல் கூட.

வெடிக் காலத்த தனியச் சொல்லோணும், ஏனெண்டா கொழும்பில வருசம் முழுக்க ஏதாவது ஒண்டு வரும், டிசம்பர் 31 இரவு, ஏப்ரல் சித்திரை வருசம், தீபாவளி, இலங்கை மச் வெண்டா அண்டைக்கும். சுவிட்சர்லாந்தில பேர்ன் பல்கலைக்கழகத்தில இருந்து 2020ல வந்த ஒரு ஆய்வில, நாய் வளக்கிற ஆக்களிட்ட எது பலன் தந்தது எண்டு கேட்டிருந்தாங்க. ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் பிறகு உடன சாப்பாடோ விளையாட்டோ குடுத்தவங்களில 70 வீதத்துக்கு மேல பலன் எண்டு சொல்லியிருக்கிறாங்க, டொக்டர் எழுதிக் குடுத்த மருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு. உடம்ப இறுக்கிப் பிடிக்கிற சட்டை 44 வீதம். பெட் கடைல விக்கிற மூலிகை, வாசனைச் சாமான்கள் எல்லாம் 30 வீதம் மட்டில. ஆக்கள் தாங்களே சொன்ன கணக்குத்தான், ஆனா எதில காசு போடுறது எண்டு யோசிக்கிறவங்களுக்கு உதவும். சத்தம் கேட்டது, ஈரல் விழுந்தது, சத்தம் கேட்டது, ஈரல் விழுந்தது, நடு அறைல ஜன்னல் எல்லாம் மூடி ஃபான ஃபுல்லா விட்டு அந்த ஒரு மணித்தியாலமும் நாயோட இருங்க.

இனி ஆர் எத எடுக்கிறது. நாய் சாப்பிடுது, விளையாடுது, குறிப்பிட்ட ஒண்டு ரெண்டு சாமானுக்குத்தான் பயம் எண்டா டொக்டரக் காட்டிட்டு வீட்டிலயே தொடங்குங்க, ட்ரெய்னர் இப்போதைக்குத் தேவையில்ல. ரெண்டு மூண்டு மாசம் ஒழுங்காச் செய்தும் தூரம் குறையேல்ல, இல்லாட்டி வீட்டில சின்னப் பிள்ளைகள் இருக்கு நாய் உறுமுது எண்டா ட்ரெய்னரோட கதைக்கிற நேரம், அதோட வாய்க்கூடு போடவும் சாப்பாடு வச்சுப் பழக்குங்க. சாப்பிடாது, நித்திரை கொள்ளாது, நாள் முழுக்க ஒளிஞ்சே இருக்கு எண்டா காத்திருக்காம மருந்தப் பற்றி இந்தக் கிழமையே கேளுங்க. காசு ஒரு வழிக்கு மட்டும்தான் இருக்கு எண்டாலும் நான் டொக்டருக்குத்தான் போவன், வீட்டில பழக்குறதுக்கு ஈரல் காசு போதும்.

எந்த வழிக்குப் போனாலும், வெளிய கொண்டு போக முதல் நெஞ்சோட சேத்துப் போடுற ஹார்னஸ் ஒண்டு வாங்குங்க. கழுத்துப் பட்டி மட்டும் போட்டா பயந்த நாய் பின்னால இழுத்து தலைய உருவிக் கொண்டு ஓடிடும், காலி வீதில அது என்ன ஆகும் எண்டு தெரியும்தானே. ஹார்னஸுக்கும் பட்டிக்கும் ரெண்டு இடத்தில கொழுவி, வீட்டுக் கதவு பூட்டி இருக்கேக்கயே போட்டுப் பழக்கி, பட்டில உங்கட ஃபோன் நம்பர எழுதி விடுங்க. வெடிக்கு முதல் குடுக்கிற மருந்து எண்டாலும் அண்டைக்கு இரவுதான் முதல் தரம் குடுக்காதேங்க, ஒரு அமைதியான சனிக்கிழமை குடுத்து எவ்வளவு நேரத்தில வேலை செய்யுது, நாய் தள்ளாடுதா எண்டு பாத்து டொக்டரிட்டச் சொன்னா அளவ மாத்தித் தருவார். டிசம்பர் 31க்கு எண்டா நவம்பரிலயே போங்க.